பொன் தெரிகிறது, பெயர் தெரியவில்லை

தஞ்சாவூர்ப் படம் தருமபுரிக்கு வந்துவிட்டது. புதுமனை புகுவிழாவில் பரிசாக வருகிறது. மணமண்டபத்து முகப்பிலே கண்ணாடிச் சட்டத்துள் நிற்கிறது. நகைக்கடையில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்று பளபளக்கிறது. காவிரி ஒகேனக்கல்லில் நம் மாவட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் தஞ்சைக்குப் போகிறது. படமோ அங்கிருந்து எதிரேறி இங்கு வருகிறது. கேழ்வரகும் சாமையும் விளைகிற மேட்டு நிலத்திலே நெல்லாடும் நாட்டின் பொற்படம்! வரட்டும். கலைக்கு எல்லைக்கோடு கிழிப்பார் நாமல்லோம். ஆனால், அந்தப் படத்தின் முன் நின்று பேசுவோர் பேச்சைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். "அசல் தங்கமா?" என்கிறார் ஒருவர். "கல் எத்தனை பதித்திருக்கிறார்கள்?" என்கிறார் மற்றொருவர். "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று முடிக்கிறார் மூன்றாமவர். மூன்று கேள்விகளும் தட்டார் கடையிலே கேட்க வேண்டியவை. "இதை வரைந்தவர் யார்?" என்ற நான்காவது கேள்வி எவர் வாயிலிருந்தும் வருவதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கப் போகிறோம்.

கேட்பதற்கு முன், வேலையின் அருமையை அறிந்து கொள்வோம். அறியாமல் குறை கூறுவது திறனாய்வு ஆகாது, வசை ஆகும். 'பலகைப் படம்' என்பது இதற்குப் பழைய பெயர். பலாமரப் பலகையை இழைத்து, அதன்மேல் துணியை ஒட்டுகிறார்கள். ஒட்டும் பசை புளியங்கொட்டையிலிருந்து காய்ச்சியது. துணியின்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழம்பை ஒருமுறையன்று, பலமுறை பூசி, உலர்த்தி, வழவழவென்று தேய்த்து எடுக்கிறார்கள். அதன்மேல் கோட்டுருவம். பிறகு கிரீடத்திற்கும் மாலைக்கும் தூணுக்கும் தோரணத்திற்கும் உரிய இடங்களில் கெட்டியான மாவைக் குழைத்து வைத்துப் புடைப்பாக்குகிறார்கள். கற்களை அந்த மாவிலே அழுத்துகிறார்கள். கல்லைச் சுற்றித் தங்கரேக்கை ஒட்டி, மேடு பள்ளமெல்லாம் படியும்படி ஒற்றி எடுக்கிறார்கள். ரேக்கு பெரும்பாலும் 22 காரட். கற்கள் இன்று ஜெயப்பூரிலிருந்து வருகின்றன. வண்ணம் தீட்டுவது பின்னால். கண் திறப்பது கடைசியில். சிறு படத்திற்கே நாள் பல ஆகும்; பெரிய படத்திற்கு மாதங்கள் ஆகும். மாவு உலரும் முன் அவசரப்பட்டால் வெடிக்கும். ரேக்கு ஒட்டுகையில் மூச்சு பலமாக விட்டாலே பறக்கும். தச்சனின் கை, கொத்தனின் கை, தட்டானின் கை, ஓவியனின் கை ஆகிய நான்கும் ஓராளின் தோளிலே முளைத்தாலன்றி இந்தப் படம் உருவாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழல்விளக்கின் வெள்ளை ஒளியிலே தஞ்சாவூர்ப் படத்தைப் பார்த்துவிட்டு, "மினுக்குத்தானே, கலை எங்கே?" என்று உதடு பிதுக்குகிற படித்தவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் குற்றமில்லை, விளக்கில்தான் குற்றம். இது இருட்டுக்காகச் செய்யப்பட்ட படம். சன்னல் இல்லாத அறையில், அசைகின்ற எண்ணெய்ச் சுடருக்கு முன்னால், புடைத்த பொன் ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் நிழலாட, தட்டையான பலகை மூச்சுவிடுவது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அந்த மேடும் பள்ளமும் அமைந்தன. பொன்னை வீண் பகட்டென்று முழுவதும் ஒதுக்கிவிட முடியாது. அதை ஒளியை வாங்கும் கருவியாக ஆண்டவன் பெரிய கலைஞன். அதனால்தான் அவன் பெயர் எங்கே என்று கேட்கிறோம்.

வரலாற்றைப் புரட்டுவோம். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின் ஆதரவு தேடித் தெற்கே வந்த ஓவியக் குடியினரைத் தஞ்சை நாயக்கர்கள் போற்றினர். 1676-இல் தொடங்கிய மராத்தியர் ஆட்சியும் போற்றியது. இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் இக்கலை உச்சியைத் தொட்டது என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. சரி. அந்த உச்சியில் நின்ற அரசன் எப்படிப்பட்ட அரசன்? நம் பாராமகாலைக் கும்பினியார் திப்புவிடமிருந்து பறித்தது 1792-இல். ஏழாண்டு கழித்து, 1799-இல் தஞ்சையும் அவர்கள் ஆட்சிக்குள் போயிற்று. சரபோசிக்கு மிஞ்சியது கோட்டை. ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகன் உதவித்தொகை. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. ஆளுவதற்கு நாடில்லை, ஆடம்பரத்திற்கு அரண்மனை இருந்தது. மன்னர் அறிஞர், சரசுவதி மகாலை வளர்த்தவர், அதை மறுப்பாரில்லை. ஆனால் மண்ணில் இழந்த கொற்றத்தை, படத்திலே பட்டாபிடேகமாகவும் தர்பாராகவும் பொன்னால் இழைத்துப் பார்த்த காலம் அது என்று எண்ண இடமிருக்கிறது. தஞ்சைப் படங்களில் கடவுளர் அமர்ந்திருக்கும் மண்டபத்தைப் பாருங்கள். திரைச்சீலை, திண்டு, வளைவு, தூண் அனைத்தும் அரண்மனைக் கொலுமண்டபமே. கடவுள் நடுவிலே பேருருவாய் அசையாதிருக்கிறார்; அடியவர்கள் ஓரத்திலே சிற்றுருவாய் நிற்கிறார்கள். அரசனைக் கண்ட கண் கடவுளை அப்படித்தான் வரையும்.

நிறத்தையும் கவனியுங்கள். தமிழர் பழைய வழக்கில் மாயோன் என்றால் கருநிறத்தோன். கண்ணன் என்ற பெயரே கருமையை நினைவூட்டுவது. தஞ்சாவூர்ப் பலகையிலே வெண்ணெய் உண்ணும் அந்தக் குழந்தை வெண்ணெய் நிறமாகவே இருக்கிறான்! வளர்ந்த கண்ணனுக்கு நீலமோ பச்சையோ தீட்டுகிறார்கள். குழந்தைக்கு மட்டும் வெளுப்பு. பொன்னுக்கு நடுவே வெண்மை எடுப்பாகத் தெரியும் என்பது தொழில் காரணமாக இருக்கலாம். ஆனால், கறுத்த தாயின் வீட்டில், கறுத்த குழந்தையின் தொட்டிலுக்கு மேலே அது தொங்குகிறபோது வேறொரு பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறது. வகுப்பறையிலே நம் பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே வரையும்போது தோல்நிறப் பென்சில் என்று எதை எடுக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசிரியர்களுக்கு இந்தப் பாடத்தின் வலிமை தெரியும்.

பொன்னில்லாத ஓவியம் எப்படியிருக்கும் என்று காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தருமபுரிக்கு அருகே, அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்த்தால் இராமாயணமும் பாரதமும் வண்ணத்திலே விரிகின்றன. நிறம் மங்கிவிட்டது, சில இடங்களில் கதையைக் கண் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அங்கே உருவங்கள் நடக்கின்றன, திரும்புகின்றன, ஒன்றோடொன்று பேசுகின்றன. ஒரு கட்டம் முடிந்து மறு கட்டம் தொடங்குகிறது. தஞ்சைப் பலகையிலோ எல்லாம் நின்றுவிட்டது. பொன்னின் பாரம் அப்படி; கழுத்திலே பத்து வடம் சங்கிலி பூட்டிய மணப்பெண் ஓட முடியுமா? இவ்வளவு திறமை படைத்த கை, அசைவைக் காட்டும் உரிமையை நகைக்கு விற்றுவிட்டதே என்பது நம் வருத்தம்.

அசைவும் ஆளும் அந்தக் கைக்குத் தெரியாதவையல்ல. அதே தஞ்சை ஓவியர்கள் கும்பினி அதிகாரிகளுக்காக வேறொரு வகைப் படமும் வரைந்தார்கள். காகிதத்தில், நீர்வண்ணத்தில், பொன்னில்லாமல்! குயவன் அங்கே இருக்கிறான், நெசவாளி இருக்கிறாள், கள்ளிறக்குவோன், சலவை செய்வோன், தட்டான், பாம்பாட்டி அனைவரும் இருக்கிறார்கள். ஆணும் பெண்ணுமாய், கையிலே தொழிற்கருவியோடு, இணை இணையாய் நிற்கிறார்கள். இன்று இலண்டன் அருங்காட்சியகங்களில் அந்தத் தொகுப்புகளைக் காணலாம். உழைப்பவனைத் தமிழ்நாட்டு ஓவியன் இவ்வளவு உற்றுப் பார்த்தானே என்று நெஞ்சு விம்முகிறது. படத்தின் அடியிலே எழுதியதைப் படித்தால் விம்மிய நெஞ்சு சுருங்குகிறது. சாதி, தொழில், முடிந்தது. அவன் கந்தனா, காத்தானா? அவள் வள்ளியா, முனியம்மாளா? ஆளுகின்ற வெள்ளையனுக்கு ஆள் தேவைப்படவில்லை, வகை தேவைப்பட்டது. சாதியை ஒருவர் ஊட்டினார், மற்றவர் ஏட்டில் பதித்தார்.

வரையப்பட்டவன் கதி இது. வரைந்தவன் கதி? அதுவும் இதுவே! தஞ்சை ஓவியர்களைப் பற்றி நூல்கள் சொல்வதென்ன? "தஞ்சையில் ராஜுக்கள், மதுரையில் நாயுடுக்கள்." இரண்டும் சாதிப் பெயர்கள். சாதி நின்றது, ஆள் நிற்கவில்லை. மதுரை அழகிரி நாயுடு போன்ற ஒரு சிலர் பெயர் தப்பியிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் திருவிதாங்கூர் அரண்மனைத் தொடர்பும், இரவிவர்மாவின் மாமனுக்கு அவர் ஆசானாக இருந்ததுமே. பெரிய இடத்து மாணவன் கிடைத்தால்தான் ஆசானுக்குப் பெயர் கிடைக்கும் போலும்!

"இது பக்திக் கலை; 'நான்' என்பதை அழித்தவன் பெயர் எழுதுவானா? பெயரில்லாமையே அவன் பெருமை" என்று நண்பர்கள் மறுமொழி கூறுவர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நான்' அழிய வேண்டியது செய்தவனுக்கு மட்டுந்தானா? கொடுத்தவனுக்கு இல்லையா? கோயில் குழல்விளக்கிலே, ஒளியே வெளிவராத அளவுக்கு, 'உபயம்' என்று பெயரும் ஊரும் எழுதி வைக்கிறார்களே, அவர்கள் பக்தர்கள் அல்லரா? கொடுத்தவன் பெயர் கல்லிலே, செப்பிலே, கண்ணாடியிலே நிற்கிறது. கைவருந்திச் செய்தவனுக்கு மட்டும் துறவு உபதேசிக்கப்படுகிறது!

பக்திப் படத்திலே பெயரிடுவது முடியாததும் அன்று. கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாய் அச்சாகிக் குடிசை தோறும் நுழைந்தன. ஆணி அடித்து மாட்டிய அந்தக் காகிதத்தின் ஓரத்திலே ஓவியர் பெயர் இருந்தது. கும்பிட்டவர் எவருக்கும் அதனால் பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. ஆண்டு முடிந்தால் கிழிபடும் நாட்காட்டிக்குப் பெயர் உண்டு. தலைமுறைக்கு நிற்கும் பொற்பலகைக்கு இல்லை.

தருமபுரிக்காரர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி கேட்கத் தனி உரிமை உண்டு. நம் மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். தருமபுரி அகழ்வைப்பகத்திற்குச் சென்று பாருங்கள். ஆறாம் ஏழாம் நூற்றாண்டிலிருந்து வரும் வட்டெழுத்துக் கற்கள் இம்மாவட்டத்தில் கிடைத்திருக்கின்றன. பகைவர் கவர்ந்து சென்ற மாட்டு மந்தையை, அந்தத் 'தொறு'வை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் எடுத்த கல். எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், எவன் சேவகன், இறந்தவன் பெயர் என்ன என்று அதிலே எழுதியிருக்கிறது. மாடு மேய்க்கும் ஊரிலே, ஏடு எட்டாத காட்டிலே, ஒரு சாமானியனின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று எண்ணிய மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். பொன்னில்லை, மணியில்லை, கையில் வில், இடையில் வாள், பக்கத்தில் பெயர். அந்தக் கல்லைச் செதுக்கியவன் பெயரும் அதில் இல்லையே என்பீர்கள். பெரும்பாலும் இல்லைதான். அங்கும் உளி பிடித்தவன் தோற்றான் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் உழைக்கும் குடியில் பிறந்தவனுக்கும் பெயருண்டு என்ற முதற்படியை அவர்கள் ஏறினார்கள். இரண்டாவது படி நமக்கு மிச்சம்.

படியேற வழியில்லையா? தஞ்சாவூர் ஓவியத்திற்கு 2007-08-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியம். தஞ்சைப் பெயரை வேறு ஊரார் திருடாமல் அது காக்கும். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. ஆளின் பெயரை அன்று. பலாப்பலகைக்குப் பதில் ஒட்டுப்பலகையும், தங்கரேக்குக்குப் பதில் தங்கநிறத் தாளும் வைத்து ஏய்க்கிறார்கள் என்று வாங்குவோர் புலம்புகிறார்கள். ஏய்த்தவன் யாரென்று தெரியாத பண்டத்தில் ஏய்ப்பு எளிது. இன்னார் செய்தது என்று எழுதிய பண்டத்தில் அது அரிது. இன்று பெண்கள் பலர் வீட்டிலிருந்தே இக்கலையைக் கற்று, படம் செய்து, கடைக்குக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். முன்பு குலத்துக்குள் அடைபட்டிருந்த கலை இப்போது எவரும் கற்கலாம் என்று ஆகியிருப்பது நமக்கு மகிழ்ச்சி. அவர்களுள் சிலர் படத்தின் மூலையில் கையெழுத்திடவும் தொடங்கியிருக்கிறார்கள். மற்றவர்களைக் கடைக்காரர் பெயர் மூடிவிடுகிறது.

அரசின் பூம்புகார் விற்பனைக் கூடமானாலும், தனியார் கடையானாலும், படம் வாங்கப் போகிற தருமபுரி அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுதான். காரட்டைக் கேளுங்கள், கல்லையும் எண்ணிக் கொள்ளுங்கள், விலையில் பேரமும் பேசுங்கள். பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன், பலகையைத் திருப்பச் சொல்லுங்கள். பின்புறம் பொன்னுமில்லை, வண்ணமுமில்லை. எழுத இடம் நிறைய இருக்கிறது. செய்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் அங்கே எழுதித் தரச் சொல்லுங்கள். "யார் செய்ததென்று எங்களுக்கே தெரியாதே" என்று கடைக்காரர் சொன்னால், தெரிந்துகொண்டு சொல்லுங்கள், மறுவாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.