கம்பிக்குள் ஒரு கடவுள்

ஜப்பானியச் சித்திரத் தொடர் என்றதும் நம் வீட்டுப் பெரியோர் நினைவுக்கு வருவது சிறுவர் கூச்சலும் வண்ணக் குதிப்புமே. அந்த எண்ணத்தோடு ‘சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன்’ என்னும் தொடரை அணுகுவோர் ஏமாந்து போவர். 1998 ஜூலை முதல் செப்டம்பர் வரை டிவி டோக்கியோவில் 13 பகுதிகளாக ஒளிபரப்பாகிய இத்தொடரை ரியூதாரோ நாகாமுரா இயக்கினார். கதையை எழுதியவர் சியாகி கொனாகா. உருவங்களை வரைந்தவர் யோஷிதோஷி ஆபே. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குமுன் வந்த இதனைத் திட்டக்குடி, பெண்ணாடம் பகுதிகளில் கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் இன்றும் கைப்பேசியில் தேடிப் பார்க்கின்றனர். அது பற்றி இருவிதக் கருத்துகள் நம் செவிக்கு எட்டின. வெறும் குழப்பம் என்பது ஒன்று. தன்னைக் கடவுள் எனச் சொல்லிக்கொள்ளும் ஒருவன் அதில் வருவதால் அது ஷிர்க், பார்க்கவே தகாதது என்பது மற்றொன்று. இரண்டையுமே நம்மால் ஏற்க இயலவில்லை.

இத்தகைய இருண்ட கற்பனை தமிழுக்கு முற்றிலும் புதிதன்று. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை நம்மில் நடுவயது கடந்தோர் வாரந்தோறும் காத்திருந்து படித்தோம். பின்னர் தூர்தர்ஷனிலும் அது தொடராக வந்தது. கதை நிகழும் ஆண்டு 2021. மக்களுக்கு ஈரெழுத்துப் பெயர்தான் உண்டு. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நாட்டை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். முடிவில், ஜீவா என்று ஒருவன் இல்லவே இல்லை, ஒளியால் சமைத்த பிம்பமே அது என்று வெளிப்படுகிறது. ஜீனோ என்னும் இயந்திர நாயின் குறும்பில் மயங்கிய வாசகர் இந்தக் கசப்பை மறந்தே போயினர். அந்த விளையாட்டு நடை சுஜாதாவின் பலம். இந்த நூலைப் பொறுத்தவரை அதுவே அவருக்கு எல்லையுமாயிற்று என்போம். உடலற்ற பிம்பம் ஒரு தேசத்தை ஆளக்கூடும் என்று காட்டிய அவர், அப்படி ஆளப்படும் மனிதனின் ‘நான்’ என்னாகும் என்று நின்று கேட்கவில்லை. ஜப்பானியர் அந்த வினாவிலிருந்து தொடங்குகின்றனர்.

லெய்ன் பதினான்கு வயதுச் சிறுமி. அவள் வீட்டில் பேச்சு அரிது. தாய் முகம் கொடுப்பதில்லை; தந்தை கணினித் திரைகளுக்கு நடுவில் வாழ்கிறார். அவள் பள்ளியில் பயின்ற சீசா என்பவள் மாடியிலிருந்து குதித்து மாண்டு ஒரு வாரம் ஆகிறது. அந்தச் சீசாவிடமிருந்து மாணவியருக்கு மின்னஞ்சல் வருகிறது. தான் விட்டது உடலை மட்டுமே என்றும், வலையுலகில் தான் இருப்பதாகவும், அங்கே கடவுள் இருக்கிறார் என்றும் அவள் எழுதுகிறாள். இவ்வாறு திறக்கிறது கதை. கண்ணைக் கூசும் வெண்மையான வீதி, அதில் விழும் நிழல்களுக்குள் செந்நிறத் திட்டுகள், எப்போதும் இரைந்துகொண்டிருக்கும் மின்கம்பிகள். அச்சமூட்டப் பேயோ பூதமோ இல்லை. கம்பியின் இரைச்சல் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

வலையுலகில் லெய்னின் உருவில் இன்னொரு லெய்ன் உலவுகிறாள். பிறர் அந்தரங்கத்தைத் திரட்டிப் பரப்புவது அவள் தொழில். ஒரே தோழியான ஆலிஸ் ஓர் ஆசிரியர்மீது உள்ளூர வைத்திருந்த விருப்பம் ஒரே நாளில் ஊர்ப்பேச்சாகிறது. கீபத் என்னும் புறம்பேசுதலுக்கு இனி வாயும் வேண்டியதில்லை என்பதை, நம் ஊர்களில் இணையம் என்ற சொல்லே பலரும் அறியாத 1998இல் இவர்கள் கண்டு சொன்னது வியப்புக்குரியது.

இனி அந்தப் பொய்க்கடவுள். எய்ரி மசாமி என்னும் கணினி வல்லுநன் தன் நினைவு முழுவதையும் வலையின் நெறிமுறைகளுக்குள் பதித்துவிட்டு இறந்தவன். உடல் வெறும் தளை, அதைக் கழற்றிவிட்டால் எல்லோரும் ஒன்றாகலாம் என்பது அவன் போதனை. இதைக் கேட்டுத்தான் நம் அன்பர்கள் முகம் சுளிக்கின்றனர். ஆனால் தொடர் அவன் பக்கம் நிற்கவில்லையே! உயிர் கொடுப்பதும் எடுப்பதும் தன் கையில் என்று தருக்கிய மன்னனிடம், கதிரவனை மேற்கிலிருந்து உதிக்கச் செய் என்று நபி இப்ராஹீம் (அலை) கேட்ட வரலாறு திருமறையில் உண்டு. பன்னிரண்டாம் பகுதியில் லெய்ன் எய்ரியிடம் பேசுவது அந்த வழக்காட்டையே நமக்கு நினைவூட்டிற்று. உனக்குமுன் இந்த வலையை ஆயத்தம் செய்தவர் யார், உடல் தேவையே இல்லை என்றால் உடலை நீ அறிந்தது எங்ஙனம் என்ற போக்கில் அவள் மடக்குகிறாள். வெகுண்டவன் உடலெடுத்து வர முயன்று, உருக்குலைந்த தசைப்பிண்டமாகி, அவள் அறையிலிருந்த கருவிகளுக்கடியிலேயே நசுங்குகிறான். இதை ஷிர்க் என்பார் முதல் பகுதியோடு எழுந்து போனவராகவே இருத்தல் வேண்டும்.

எய்ரியின் வாதம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பதையும் சொல்லவேண்டும். வெட்டவெளியில், கண் மறைக்கப்பட்டு, உறுப்புகள் ஒன்றையொன்று தீண்டாதபடி மிதக்கும் மனிதன் ஒருவனைக் கற்பித்துக் காட்டினார் இப்னு சீனா. அவன் தன் உடலைச் சிறிதும் அறியான்; எனினும் ‘நான் இருக்கிறேன்’ என்பதை அறிவான். இதைப் பாதியில் நிறுத்தினால் எய்ரி கிடைப்பான். இப்னு சீனாவோ நிறுத்தவில்லை. உயிர் உடலோடு சேர்ந்தே தோன்றுகிறது, ஓர் உயிர் மற்றோர் உயிரினின்று வேறுபடுவதே உடலால்தான் என்று மேலே சென்றார். சுட்ட மண்பாண்டம் போன்ற களிமண்ணால் மனிதன் படைக்கப்பட்டான் என்பது மறைமொழி. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அறிந்த நம்மவர்க்கு மண்ணின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தொடரின் உச்சம் ஒரு சிறு செய்கை. கம்பிகளும் திரைகளும் புதராய் மண்டிய அறைக்கு ஆலிஸ் அஞ்சி அஞ்சி வருகிறாள். உடல் தேவையற்றது என்று லெய்ன் ஒப்பிக்கிறாள். ஆலிஸ் வாதிடவில்லை. லெய்னின் கையை எடுத்துத் தன் மார்பில் வைக்கிறாள். இதயம் துடிக்கிறது, அச்சத்தால். அவ்வளவே. பல ஏடுகளின் தத்துவத்தை அந்தத் துடிப்பு தாங்குகிறது.

இக்காட்சி நம்மைத் தைத்ததற்குத் தனிக் காரணமும் உண்டு. சுஜாதா குறித்த 2021 வந்தபோது நாம் நோய்த்தொற்றுக்கு அஞ்சி வீட்டுக்குள் இருந்தோம். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தது கைப்பேசி வழியாக. ‘ஐன்’ என்னும் எழுத்து தொண்டையின் நடுவிலிருந்து எழவேண்டும், ‘காஃப்’ அடிநாவிலிருந்து. கருவி வழியே வந்தபோது இரண்டும் மெலிந்து, எது எதுவென்று தெரியாமல் போயின. உஸ்தாதின் வாயைப் பார்த்து, அவர் தம் வாயைப் பார்த்துத் திருத்த ஓதுவதை முஷாஃபஹா என்பர் நம் முன்னோர். அதன் அருமையை அந்த ஆண்டு நன்கு உணர்த்திற்று.

குறைகளும் உள்ளன. ஒன்பதாம் பகுதி, ராஸ்வெல் பறக்கும் தட்டு முதல் வன்னேவர் புஷ் வரை பழஞ்செய்திகளைக் குவித்துக் கதையை முடக்குகிறது. அதைவிடப் பெருங்குறை சீசாவின் சாவைக் கையாண்ட முறை. அது மறுவுலகத்துக்கு ஒரு வாயில்போல் அழகாக்கப்பட்டுள்ளது. முடிவில் அவள் உயிரோடு வருவதால் மட்டும் அக்குறை தீர்ந்துவிடாது. மனம் சோர்ந்திருக்கும் இளையோர் இதைத் தனித்திருந்து பார்க்கலாகாது. பள்ளிச் சிறுவர்க்கு இது உரியதே அன்று.

இறுதியில் லெய்ன் தன்னை எல்லோர் நினைவிலிருந்தும் அழித்துக்கொள்கிறாள். நினைவில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது தொடர் வகுத்த விதி. ஆலிஸின் பழி நீங்குகிறது, சீசா வாழ்கிறாள், எய்ரியும் சாதாரண ஊழியனாய் முணுமுணுத்து நடக்கிறான்; லெய்னுக்கு மட்டும் இடமில்லை. மறதியே இல்லாத ஒருவன் நினைவில் ஒவ்வோர் உயிரும் பதிந்திருக்கிறது என்று நம்பும் நமக்கு இவ்விதி உடன்பாடன்று. அத்தகைய ஒருவன் இல்லாத உலகில் தியாகம் எவ்வளவு குளிர்ந்து போகிறது என்பதையே இம்முடிவில் நாம் கண்டோம்.

‘இன்ஸான்’ என்னும் சொல் மறதியைக் குறிக்கும் ‘நிஸ்யா’னிலிருந்து பிறந்தது என்பர் கூஃபா இலக்கணிகள், நேசத்தைக் குறிக்கும் ‘உன்ஸி’லிருந்து என்பர் பஸ்ராவினர். ஆண்டுகள் கழித்து, வளர்ந்து மணம் பேசி முடிந்த ஆலிஸ், வருங்காலக் கணவனோடு நடந்து வருகையில், வயதே ஏறாத லெய்னைக் காண்கிறாள். எங்கோ பார்த்த முகம் போல் ஐயம் எழுகிறது. நின்று இரண்டு சொல் பேசுகிறாள். எல்லாம் அழிந்தது என்று சொன்ன கதைக்குள் இந்த ஐயம் மட்டும் எப்படி மிஞ்சியது? எழுதியவர் கூஃபாவின் கட்சியில் தொடங்கி, தம்மையறியாமலே பஸ்ராவுக்கு வந்து சேர்ந்தார் போலும்.