கல்லுடைத்த தீவில் இருவாச்சி

சிங்கப்பூரில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று என்னிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் புலாவ் உபினில் ஆரம்பிப்பேன், எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிற வரைக்கும் நிறுத்த மாட்டேன். சுங்கை பூலோ ஈரநிலம் அருமையான இடம், பூமலைத் தாவரவியல் பூங்காவும் குறைச்சலில்லை. ஆனால் சாங்கி முனையிலிருந்து மரப்படகில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய் இறங்கக்கூடிய, பத்துச் சதுர கிலோமீட்டர்தான் இருக்கும் இந்தத் தீவு தரும் சந்தோஷம் வேறு ரகம். இங்கே பறவையைத் தேடி நான் அலைவதே இல்லை. படகுத்துறையில் காலை வைத்ததும் தலைக்கு மேலே யாராவது சிரிக்கிற சத்தம் கேட்கும். இருவாச்சிதான்.

படகுக்கு நேரம் காலம் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் புறப்படும், ஆளுக்கு நான்கு வெள்ளி. வார நாளில் விடியற்காலையில் போனால் அந்தப் பன்னிரண்டில் பாதிப்பேர் நம் ஜாதிதான்: பச்சைச் சட்டை, முழங்கை நீள லென்ஸ், கையில் ரொட்டி பொட்டலம். பொறுமை இல்லாதவர்கள் காலி இடத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். நான் கொடுப்பதில்லை. காத்திருக்கும் நேரத்தில் முந்தின வாரம் யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்ற தகவல் முழுக்கக் கிடைத்துவிடும். அது நான்கு வெள்ளியைவிடப் பெறுமானமுள்ளது.

உபினைப் பற்றிச் சொல்லும்போது கல்லைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இந்தத் தீவை வெட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1850-51ல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இங்கிருந்துதான். ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்துக்கும் இங்கிருந்துதான். 1950களில் கிட்டத்தட்ட 2,000 பேர் இந்தத் தீவில் குடியிருந்தார்கள். கல் உடைத்தார்கள், ரப்பர் வெட்டினார்கள், தென்னையும் டுரியானும் வைத்தார்கள். கல்குவாரிகள் ஒவ்வொன்றாக மூடி, கடைசிக் குவாரியும் 1999ல் நின்றது. ஆட்களில் பெரும்பாலானவர்களும் சிங்கப்பூர்ப் பெருந்தீவுக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன எதுவும் வீணாகவில்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். வெடிவைத்துத் தோண்டின பள்ளம் ஏரியாகிவிட்டது. ஆளில்லாத தோட்டம் காடாகிவிட்டது. யாரோ வைத்த ரம்புத்தானுக்கும் பப்பாளிக்கும் இன்றைக்குச் சொந்தக்காரர்கள் சிறகு வைத்தவர்கள்.

பெக்கான் குவாரிக்குப் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். கிராமத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். செங்குத்தான பாறைச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர், நடுவில் வெட்டாமல் விட்ட சின்னச் சின்னத் திட்டுகள். அந்தத் திட்டுகளில் உள்ள மரங்களில்தான் சாம்பல் நாரைகளின் குடியிருப்பு. சுற்றிலும் ஆழமான தண்ணீர் இருப்பதால் தொந்தரவு குறைவு. ஒரு நாரை குச்சியோடு வந்து இறங்கும், ஜோடி அதை வாங்கிக் கூட்டில் இப்படியும் அப்படியும் செருகிப் பார்க்கும், திருப்தியில்லாமல் பிடுங்கி மறுபடி செருகும். பக்கத்துக் கிளைக்காரர் சமயம் பார்த்து அந்தக் குச்சியை உருவப் பார்ப்பார். உடனே கரகரவென்று ஒரு ரகளை. வெயில் பாறையில் பட்டுத் தண்ணீரில் விழும் காலை எட்டு மணி வாக்கில், பறக்கிற நாரையின் வயிற்றுப்பக்கம்கூட வெளிச்சமாக இருக்கும். ஸ்டூடியோவில் விளக்கு வைத்தாலும் அந்த ஒளி வராது.

சரி, இருவாச்சிக்கு வருவோம். ஊரில் இருக்கும்போது வால்பாறையில் பெரிய இருவாச்சியைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம், புள்ளியாக. அதற்கே அன்றைக்கெல்லாம் தூக்கம் வரவில்லை. உபினில் இருப்பது அதற்குத் தம்பி முறை: கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, தந்த நிற அலகு, அதன் மேல் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு கொம்பு. அலகிலிருந்து வால்வரை அறுபது, எழுபது சென்டிமீட்டர் வரும். இந்தப் பறவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து காணாமல் போயிருந்தது. 1994ல் ஒரு ஜோடி உபினில் தென்பட்டது. நூற்றைம்பது வருடத்தில் பெரிய பொந்துள்ள முதுமரங்களை வெட்டித் தீர்த்திருந்தார்கள், குடித்தனம் நடத்த இடமில்லை. 2000களின் நடுவில் ஆராய்ச்சியாளர்களும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து மரங்களில் கூட்டுப்பெட்டிகளைக் கட்டிவிட்டார்கள். சிலவற்றுக்குள் கேமராவும் வைத்தார்கள். பறவைகள் பிடித்துக்கொண்டன. இன்றைக்கு நாடு முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டு ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தைரியசாலிகள் ஆகிவிட்டன.

கூடு வைத்திருக்கும் ஜோடியைப் பார்க்கக் கிடைத்தால் அன்றைக்கு வேறெதற்கும் போகாதீர்கள். பெண் பொந்துக்குள் போனதும் மண், எச்சம், பழச் சக்கை எல்லாவற்றையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். மாதக்கணக்கில் உள்ளேதான் வாசம், சாப்பாடு முழுக்க ஆண் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி, ஒரு புதருக்குப் பின்னால் நின்று நான் பார்த்தது இது. ஆண் வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. அலகு காலி. ஏமாந்துபோனேன். அது மரத்தோடு ஒட்டிக்கொண்டு கழுத்தை ஓர் உலுக்கு உலுக்கியது. தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழம் மேலே வந்து அலகு நுனியில் நின்றது. கீற்றுக்குள்ளிருந்து இன்னோர் அலகு நுனி வந்து அதை வாங்கிக்கொண்டது. மறுபடி ஓர் உலுக்கல், மறுபடி ஒரு பழம். பத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியாக வந்த பழத்தை ஆண் கொடுக்காமல் மேலே தூக்கிப் போட்டு, வெற்றிலை வாய்க்குப் பாக்கு எறிவது போல் தானே லபக்கென்று பிடித்து விழுங்கியது. என்ன உழைப்பு, கடைசி வாய் தனக்கு! இன்னொரு விஷயம், கூட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் சுத்தக்காரர்கள், கழிவை அந்தக் கீற்று வழியாகவே வெளியே பீய்ச்சுவார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு இந்தப் பறவை ஒரு பரீட்சை. அட்டைக் கறுப்பும் சுத்த வெள்ளையும் ஒரே உடம்பில் இருப்பதால் கேமரா குழம்பிவிடும். கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வயிற்று வெள்ளை சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வைத்துக்கொண்டு, வெள்ளையில் இறகு கோடு கோடாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கறுப்பைப் பிறகு வீட்டில் தூக்கிக்கொள்ளலாம். ஷட்டர் வேகம் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். பெரிய லென்ஸ் இல்லையே என்ற கவலையும் வேண்டாம், கடைத்தெரு மரத்திலேயே உட்கார்ந்திருக்கும் நாட்களில் நானூறு மில்லிமீட்டரே அதிகம். காலையில் குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கேமராவைக் கொண்டுவந்தால் அரைமணி நேரம் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருக்கும். முதல் நாள் இரவே பையை வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்திருந்த என் அக்கா மகனையும் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனேன். வாடகை சைக்கிளை நிறுத்திவிட்டு நான் தரையில் குப்புறப் படுத்ததைப் பார்த்துத் திகைத்துப்போனான்.

"மாமா, கோழியையா எடுக்குறீங்க?"

"காலைப் பாருடா. என்ன கலர்?"

"சாம்பல்."

"காதுகிட்ட?"

"வெள்ளையா வட்டமா இருக்கு... மாமா, அது பறந்துருச்சு! மரத்து மேல பறந்துருச்சு!"

செங்காட்டுக்கோழி. நம் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் பாட்டன். உபினில் சாலையோரத்தில் நடக்கும், ஆள் கிட்டே வந்தால் ஜிவ்வென்று எழும்பி மரத்துக்குப் போய்விடும். வாலடியில் பஞ்சு வைத்த மாதிரி வெள்ளைத் திட்டு, கழுத்தில் காலை வெயில் பட்டால் செம்பும் பொன்னும். பையன் அதற்குப் பிறகு என் பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை.

காதுக்கும் இங்கே விருந்து உண்டு. வைக்கோல் நிறத் தலைகொண்ட ஒரு பெரிய கொண்டைக்குருவி இருக்கிறது. அதன் பாட்டைக் கேட்ட பிறகு மற்றக் குருவிகள் எல்லாம் சும்மா பேசிக்கொண்டிருக்கின்றன என்றுதான் தோன்றும். அந்தக் குரலே அதற்கு எமனாகிவிட்டது. கூண்டில் வைத்துப் பாட்டுக் கேட்கவென்று பிடித்துப் பிடித்து, தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். 2018லிருந்து அற்றுப்போகும் அபாயத்தின் கடைசிப் படியில் உள்ள பறவைகளில் ஒன்று. உலகத்தில் மிஞ்சியிருப்பதில் கணிசமான பங்கு, 200க்கும் மேல், சிங்கப்பூரில் இருக்கிறது. அதிலும் உபின்தான் அதற்குக் கோட்டை. ஜோடியாகப் பாடும், ஒன்று எடுக்க மற்றது முடிக்கும். ஊரில் சாதாரணமாகக் கொல்லையில் பார்க்கிற குண்டுகரிச்சான்கூடச் சிங்கப்பூர்ப் பெருந்தீவில் அபூர்வம், இங்கே வேலிக்கு வேலி விசிலடிக்கும். இந்தப் பறவைகளைப் போனில் பாட்டுப் போட்டு வரவழைத்துப் படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. அந்தப் படத்தில் நீங்கள் பார்ப்பது பாட்டல்ல, பதற்றம்.

கிழக்குக் கோடியில் செக் ஜாவா. இந்தக் கரையையும் மண் கொட்டி மூடுவதாகத்தான் இருந்தது. 2001ல் மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் சாதாரண ஜனங்களும் நீரிறக்கத்தில் இறங்கி நடந்து பார்த்து, இங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. 2007ல் பலகை நடைபாதை திறந்தார்கள். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் சதுப்புநிலக் காடு, நடுவில் நாம். காலை எட்டரைக்குத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் குவாரியை முடித்துக்கொண்டு இங்கே வருவதே சரியான வரிசை. கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்காமல் போகாதீர்கள். தண்ணீர் இறங்கும் நேரத்தில் சேற்றில் பவளக்காலிகளும் உள்ளான்களும் மேயும். வலசைக் காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் சீன வெண்கொக்கு, கூடுதல் அதிர்ஷ்டம் இருந்தால் பேருருவம் கொண்ட பெரிய அலகு நாரை. பத்து மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பி எந்த லென்ஸையும் தோற்கடித்துவிடும். அப்போது ஜெஜாவி கோபுரத்தில் ஏறிவிடுங்கள், இருபது மீட்டர் உயரம். மரத்தில் பழம் தின்னும் பச்சைப் புறாக்கள் கண்மட்டத்தில் இருக்கும். வெண்வயிற்றுக் கடற்கழுகு சில நேரம் உங்களுக்குக் கீழே பறக்கும். கழுகின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அதுவரை பார்த்ததில்லை, கேமராவைத் தூக்கவே மறந்து நின்றேன்.

மீன்கொத்தி, மாங்குயில், தேன்சிட்டு எல்லாம் வழிநெடுக உண்டு, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டுப் பையைச் சைக்கிள் கூடையில் விட்டுப் போனால் காட்டுப்பன்றி வந்து பிரித்துவிடும். தண்ணீரும் கொசு மருந்தும் நிறைய வேண்டும். மத்தியானம் கிராமத்துக் கடையில் இளநீர் குடிக்காமல் திரும்பினால் அது உபின் போனதாகவே கணக்கில்லை.

எந்த மாதம் நல்லது என்பதில் எங்கள் கூட்டத்தில் ஓயாத தர்க்கம். வலசைப் பறவைகள் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. இருவாச்சிகள் கூடு வைப்பது பெரும்பாலும் வருடத்தின் முதல் மாதங்களில். இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு பிப்ரவரிக்கு. ஜனவரியில் மழை படுத்தும். ஆனால் பஞ்சுருட்டான்களில் பிப்ரவரியில் இருப்பது நீலவால் பஞ்சுருட்டான். அது வடக்கே போன கையோடு நீலக்கழுத்துப் பஞ்சுருட்டான் வந்து மண்ணில் வளை தோண்டிக் குடும்பம் நடத்த ஆரம்பிக்கும். சாக்லேட் நிறத் தலை, பச்சைச் சிறகு, அலகில் தும்பி, அதை அடித்துத் துவைக்கிற அழகு! அதற்காக ஏப்ரல், மே வாக்கில் இன்னொரு தடவை வந்தே ஆக வேண்டும். மெமரி கார்டு இரண்டாகவே எடுத்து வாருங்கள்.