சம்பளமும் சாவியும்: புச்சி எமெச்செட்டாவின் லண்டன்

பெண் எழுதுவதற்குப் பணமும் தனியறையும் தேவை என்று வர்ஜீனியா வுல்ஃப் சொன்னதைப் பெண்ணியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். 1928இல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் நிகழ்த்திய உரைகளை விரித்து அவர் 1929இல் வெளியிட்ட நூலில் தொகையும் குறிப்பிடப்பட்டிருக்கிறது: ஆண்டுக்கு 500 பவுண்டு. அந்தப் பணம் எப்படி வந்தது என்பது மட்டும் நம் பேச்சில் விடுபட்டுப்போகிறது. கதைசொல்லியின் அத்தை பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறக்கிறார். அவர் எழுதிவைத்துப் போனதிலிருந்து ஆயுள் முழுவதும் வரும் வருமானம் அது. அதற்கு முன்பு கதைசொல்லி உறைகளின் மேல் முகவரி எழுதி, முதிய சீமாட்டிகளுக்கு வாசித்துக்காட்டி, செயற்கைப் பூக்கள் செய்து பிழைத்தவள். அந்த வேலைகள் தந்த கசப்பை அத்தையின் பணம்தான் போக்குகிறது. ஆக, வுல்ஃபின் கணக்கில் சம்பளம் விடுதலை தரவில்லை. சம்பளத்துக்கு உழைக்கத் தேவையில்லாமல் போனதே விடுதலை தந்தது.

பம்பாயில் அத்தை இல்லாதவர்கள் என்ன செய்வது? அதே பேரரசின் இன்னொரு மூலையிலிருந்து லண்டனுக்கு வந்து, சம்பளத்தில் வாழ்ந்துகொண்டே எழுதவும் முயன்ற ஒருத்தியின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புச்சி எமெச்செட்டா 1944இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தார். பதினாறு வயதில் மணமாகி, 1962இல் லண்டன் வந்தார். இருபத்திரண்டு வயதில் கணவரைப் பிரிந்தபோது ஐந்து குழந்தைகளின் பொறுப்பு அவருடையது. அந்த ஆண்டுகளை ஒட்டி அவர் எழுதிய நாவல் 1974இல் வெளிவந்த 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்'. இரண்டாந்தரக் குடிமகளான அதன் நாயகியின் பெயர் ஆடா.

இந்த நாவலை நிறவெறி பற்றிய கதையாகவும், கொடுமைக்காரக் கணவனின் கதையாகவும் வாசிப்பது வழக்கம். இரண்டும் சரியே. நான் அதை ஒரு சம்பளத்தின் கதையாக வாசிக்க விரும்புகிறேன். ஒரு பெண் சம்பாதிக்கும் பணம் அவள் கைக்கு வருவதற்குள் எத்தனை பேர் அதன்மேல் உரிமை கொண்டாடுகிறார்கள் என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன நாவல்கள் குறைவு.

நாவலில் பணம் முதலில் இரண்டு ஷில்லிங்காக வருகிறது. இறைச்சி வாங்கிவரக் கொடுத்த அந்தக் காசைச் சிறுமி ஆடா ஒளித்துவைத்து, தொலைந்துவிட்டதாகச் சொல்லி, பள்ளி நுழைவுத்தேர்வுக் கட்டணம் கட்டுகிறாள். அதற்காகப் பிரம்படி வாங்குகிறாள். படித்து முடித்து லாகோஸில் அமெரிக்கத் தூதரக நூலகத்தில் நல்ல சம்பளத்தில் சேர்கிறாள். இப்போது அடியில்லை, மரியாதை கிடைக்கிறது. ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் கணவன் வீடே நடக்கிறது. கணவன் பிரான்சிஸ் படிக்க லண்டன் போவதற்கு அவள் பணம் வேண்டும். அவள் போகக் கூடாது என்கிறார் மாமனார். அவளை வெளிநாடு அனுப்பாததற்குப் பண்பாடு காரணமாகச் சொல்லப்படுகிறது. அவள் போய்விட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்ற கேள்வி அதன் அடியில் கிடக்கிறது. மாமியாரின் மனத்தைக் கரைத்து, இரண்டு குழந்தைகளோடு கப்பலேறுவதற்கு அவள் படும் பாட்டைப் படிக்கும்போது, 'பொண்ணு சம்பாத்தியம் எங்களுக்கு எதுக்கு' என்று சொல்லிக்கொண்டே அதை எண்ணி வாங்கும் நம்மூர் வீடுகள் நினைவுக்கு வராமல் போகாது.

லண்டனில் கணக்கு மாறுகிறது. லாகோஸில் அவள் மேட்டுக்குடி. இங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் இரண்டாந்தரம்தான் என்று பிரான்சிஸே அவளுக்குப் பாடம் சொல்கிறான். மற்ற நைஜீரிய மனைவிகளைப் போலச் சட்டைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகச் சொல்கிறான். அவள் மறுத்து, வடக்கு ஃபிஞ்ச்லியில் நூலக வேலை தேடிக்கொள்கிறாள். அவனோ தேர்வுகளில் தோற்றுக்கொண்டிருக்கிறான். குடும்பத்தில் நிலையாகச் சம்பளம் வாங்குபவள் அவள்.

சம்பளம் இருந்தும் அறை கிடைப்பதில்லை. வாடகை விளம்பரங்களிலேயே கறுப்பினத்தவர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் காலம் அது. குரலில் நிறம் தெரிந்துவிடக் கூடாதென்று ஆடா மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் வீடு கேட்கிறாள். அறை காலி என்று சொன்ன பெண்மணி, நேரில் இவர்கள் முகத்தைக் கண்டதும் அறை போய்விட்டது என்கிறாள். பிரிட்டனின் முதல் இன உறவுகள் சட்டம் 1965இல் வந்தபோதும் வீட்டு வாடகை அதன் வரம்புக்குள் வரவில்லை, 1968இல்தான் வந்தது. அதுவரை, வாடகை கொடுக்க வசதியுள்ள கறுப்பினப் பெண்ணுக்கு அறையை மறுப்பது சட்டப்படி குற்றமில்லை. செலவு மிகுந்த நகரம் என்று நாம் சொல்லும்போது வாடகை எவ்வளவு என்று மட்டும்தான் பார்க்கிறோம். ஒரே அறைக்கு வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு விலை கேட்கப்படுகிறது என்பதை ஆடாவின் அலைச்சல் காட்டுகிறது. 'எக்ஸ்பாட்' என்ற சொல் யாருக்கு ஒட்டுகிறது, 'குடியேறி' என்ற சொல் யார்மீது விழுகிறது என்பதும் இந்த விலைப்பட்டியலைச் சேர்ந்ததே.

நாவலின் கூர்மையான இடம் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனையில் வருகிறது. அடுத்தடுத்த பிரசவங்கள் வேலையையும் உடலையும் தின்கின்றன. கருத்தடைக்காக ஆடா போனால், படிவத்தில் கணவனின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவள் அவன் கையெழுத்தைத் தானே போடுகிறாள். அது தெரிந்ததும் அவன் அடிக்கிறான். ஊரிலுள்ள பெற்றோருக்கும் கடிதம் எழுதுகிறான். தன் உழைப்பை விற்க அவள் கையெழுத்து போதுமென்ற நகரம், அவள் உடலைப் பற்றிய முடிவுக்கு அவன் கையெழுத்தைக் கேட்கிறது. ஊர் மரபு ஒடுக்கியது, மேற்கு விடுவித்தது என்று எளிதாகச் சொல்ல விரும்புபவர்களை எமெச்செட்டா இங்கே நிறுத்திவிடுகிறார்.

ஒரு கட்டத்தில் ஆடா வீட்டிலிருந்து எழுதத் தொடங்குகிறாள். பள்ளி நோட்டுகளில் ஒரு நாவல் முழுதாக வளர்கிறது. நூலக நண்பர்கள் பாராட்டுகிறார்கள். பிரான்சிஸ் அதை அடுப்பில் எரிக்கிறான். எமெச்செட்டாவின் வாழ்விலும் இது நடந்தது. எரிந்துபோன கதையை மறுபடி எழுதி 1976இல் 'தி பிரைட் பிரைஸ்' என்று வெளியிட்டார். வுல்ஃப் அறைக்குப் பூட்டு கேட்டது ஏன் என்பது இந்த அடுப்பின் முன்னால் புரிகிறது. அதோடு, வாடகை அவளுடையதாக இருந்தும் சாவி அவளிடம் இல்லை என்பதும் புரிகிறது.

நாவலில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. நூலக வேலையைப் பற்றி ஆடாவுக்கு இருக்கும் பெருமிதம், தொழிற்சாலைக்குப் போகும் நைஜீரியப் பெண்களைக் கீழாகப் பார்க்க வைக்கிறது. குழந்தைகளைப் பிறர் வீட்டில் வளர்க்கவிடும் அந்தப் பெண்கள் பொறாமை பிடித்த அண்டை வீட்டாராக மட்டுமே தோன்றுகிறார்கள். அவர்களுடைய கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, குழந்தையைப் பிரிந்த இரவு எப்படி இருந்தது என்று நாவல் கேட்பதில்லை. படித்த பெண்ணின் சம்பளம் அவளைச் சக பெண்களிடமிருந்து பிரிக்கும் சுவராகவும் இருக்கிறது. அந்தச் சுவரை நாவல் கண்டுகொள்ளவில்லை.

இதற்கான திருத்தத்தை அவருடைய முதல் நூலிலேயே காணலாம். 1972இல் வந்த 'இன் தி டிச்' கணவனைப் பிரிந்த பின்னான காலத்தைச் சொல்கிறது. வேலையை விட்டு, அரசு உதவித்தொகையில், நகராட்சிக் குடியிருப்பில் வாழும் ஆடா, அங்குள்ள ஏழைத் தாய்மார்களோடு சிரிக்கவும் சண்டையிடவும் கற்கிறாள். அவர்களில் வெள்ளைப் பெண்களும் உண்டு. வறுமையை எமெச்செட்டா அழகாக்கவில்லை. தலைப்பே பள்ளம் என்றுதான் சொல்கிறது. ஆனாலும் சம்பளம் இருந்த காலத்தில் கிடைக்காத தோழிகள் அங்கே கிடைக்கிறார்கள்.

மணமாகாமல் தனியே போகும் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றலாம். ஜமைக்கா கின்கெய்டின் 'லூசி' (1990) அதற்குப் பதில் சொல்கிறது. கரீபியத் தீவொன்றிலிருந்து அமெரிக்கப் பெருநகரத்துக்குக் குழந்தை பார்க்கும் வேலைக்கு வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அம்மாவின் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமலே வைக்கிறாள். அப்பா கடனை விட்டு இறந்ததும், சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்புகிறாள். கணவனில்லாத இடத்தில் உரிமை கேட்டு நிற்பது தாயன்பு. அதை மறுப்பது இன்னும் கடினம்.

இன்று துபாயில் 'பெட் ஸ்பேஸ்' எடுத்து ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுக்கும் பெண்ணிடமும், சிங்கப்பூரில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணிடமும் எவ்வளவு சம்பளம், எவ்வளவு மிச்சம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எமெச்செட்டாவை வாசித்த மாணவிகள் வேறு சிலவற்றைக் கேட்கலாம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர்? ஊருக்குப் போகும் தொகையை முடிவுசெய்தது யார்? உன் நோட்டுப்புத்தகத்தைப் பூட்டிவைக்க ஓர் இழுப்பறையாவது உண்டா? வுல்ஃபின் 500 பவுண்டு நம்மில் பலருக்கு வரப்போவதில்லை. சம்பளம்தான் வரும். அது நம் கையில் தங்குகிறதா என்று கணக்குப் பார்க்கும் பழக்கத்தை ஆடாவிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.