தூதும் வாங்கியும்: கலங்களின் 'மொழி' பற்றிய ஒரு நோக்கு

உயிரிரசாயனவியல் நூலொன்றைக் கலைப்பீட மாணவர் ஒருவர் தற்செயலாக விரித்துப் பார்ப்பாராயின், கலங்கள் தம்முள் தொடர்புகொள்ளும் முறை பற்றிய அத்தியாயம் அவருக்கு அந்நியமாகத் தோன்றாது. தூதுவர், சமிக்ஞை, வாங்கி, கட்டளை என அங்கு பயிலும் சொற்கள் யாவும் அவர் அறிந்தவையே. மூலக்கூற்றுப் படங்கள் அச்சுறுத்தினாலும் கதை விளங்கிவிடும்: ஓமோன் செய்தி கொணர்கின்றது, கலம் கேட்கின்றது, கீழ்ப்படிகின்றது. இவ்வளவு எளிதில் விளங்கிவிடுவதே ஐயத்துக்குரியது. இச்சொற்கள் ஆய்வின் முடிவுகளை எடுத்துரைப்பவையா, அன்றி ஆய்வினை முன்கூட்டியே ஒரு வழியிற் செலுத்தியவையா என்பது விஞ்ஞான பீடத்தாருக்கு மட்டும் உரிய வினாவன்று.

'வாங்கி' என்பதன் வரலாற்றை முதலில் நோக்கலாம். 1905இல் கேம்பிறிட்ஜில் ஜோன் லாங்லி கோழியின் தசைகளிற் பரிசோதனை செய்தார். நரம்பினை அறுத்து அது அழிந்த பின்னரும் நிக்கொட்டீன் தசையைச் சுருங்கச் செய்தது. கியுறாரே அச்சுருக்கத்தைத் தடுத்தது. ஆயினும் மின்னால் நேரே தூண்டியபோது அதே தசை சுருங்கியது. ஆகவே நஞ்சு பற்றும் இடம் நரம்புமன்று, சுருங்கும் பொருளுமன்று. இடையில் ஏதோ ஓர் 'ஏற்கும் பொருள்' இருத்தல் வேண்டும் என அவர் முடிவு செய்தார். பெயர் பிறந்துவிட்டது, பொருளை எவரும் கண்டாரில்லை. 1948இல் அதிரினலினுக்கான வாங்கிகளை அல்பா, பீற்றா என வகைப்படுத்திய றேமண்ட் ஆல்குவிஸ்ட் கூட, விளைவுகளை விளக்க உதவும் ஒரு கருத்தாகவே அவற்றைக் கொண்டார். இத்தயக்கத்தைக் குறையெனக் கூறுவதற்கில்லை. தாம் கையாளும் சொல் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை அளந்து வைத்திருந்தவர் அவர். பீற்றா வாங்கியொன்று தன் துணைப் புரதத்தோடு பிணைந்து நிற்கும் கட்டமைப்பை பிறயன் கொபில்காவின் குழுவினர் வெளிப்படுத்தியது 2011இலேயே ஆகும்.

ஆல்குவிஸ்டின் நிதானத்தை ஏர்ள் சதர்லாந்தின் சொல்லாட்சியிற் காண்பதற்கில்லை. 1950களில் அவரும் தியடோர் றாலும் ஈரற் கலங்களை அரைத்துப் பிரித்து ஆராய்ந்தனர். அதிரினலின் மென்சவ்வுத் துணிக்கைகளின் மீது தொழிற்பட்டு, வெப்பத்தால் அழியாத சிறு மூலக்கூறொன்றைத் தோற்றுவிப்பதையும், அம்மூலக்கூறே அதிரினலின் இன்றியும் கிளைக்கோசனை உடைக்கும் நொதியத்தை உயிர்ப்பிப்பதையும் அவர்கள் கண்டனர். அதுவே வட்ட ஏ.எம்.பி. சதர்லாந்து அதற்கு 'இரண்டாம் தூதுவர்' எனப் பெயரிட்டார். பரிசோதனை அழகானது, 1971இன் நோபல் பரிசு அதற்குத் தகும். பெயர்தான் இடர்ப்படுத்துகின்றது.

தூது எனின் தமிழ் மாணவர் நினைவுக்கு வருவது செய்தியை உணர்ந்து இடமறிந்து உரைக்கும் ஒருவரே. திருக்குறள் தூதனிடம் அறிவையும் சொல்வன்மையையும் வேண்டி நிற்கின்றது. மேகத்தையும் நாரையையும் தூதுவிட்ட புலவர்களும் சொல்லவேண்டிய செய்தியை அவற்றிடம் ஒப்படைத்தே அனுப்பினர். வட்ட ஏ.எம்.பி.யிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி யாது? ஈரலில் அது மிகுந்தால் கிளைக்கோசன் உடைகின்றது. இதயத்தில் மிகுந்தால் துடிப்பு வலுக்கின்றது. கொழுப்புக் கலத்தில் கொழுப்பு கரைகின்றது. சிறுநீரகத்தில் நீர் மீள உறிஞ்சப்படுகின்றது. மூலக்கூறு ஒன்றே, விளைவின் வேறுபாடு அந்தந்தக் கலம் ஏற்கெனவே கொண்டிருக்கும் புரதங்களைப் பொறுத்தது. செய்தி தூதுவரிடத்தில் இல்லை, பெறுபவரிடத்திலேயே உள்ளது. அவ்வாறாயின் இதனைத் தூது என்பது எங்ஙனம் பொருந்தும்?

மாட்டின் றொட்பெல்லின் உருவகம் இதனினும் கரடுமுரடானது, ஆயின் பயன்மிக்கது. 1960களின் இறுதியில் அவர் கட்டுப்பாட்டியலிலிருந்து இயந்திரச் சொற்களைக் கடன்வாங்கினார்: வேறுபிரித்தறியும் உறுப்பு, உருமாற்றும் உறுப்பு, பெருக்கும் உறுப்பு. மனித உறவுகளிலிருந்து எடுத்த சொல்லே உயிருக்கு நெருக்கமானதென இலக்கிய மாணவர் எதிர்பார்க்கக்கூடும். நிகழ்ந்தது மறுதலை. தூதுவர் என்ற சொல் கதையை நிறைவு செய்துவிட்டது. றொட்பெல்லின் சொற்களோ நடுவில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே நிற்பது எது என வினவின. 1971இல் விடையின் முதற்பகுதி வெளிவந்தது. பரிசோதனைகளிற் பயன்பட்ட ஏ.ரி.பி.யில் மாசாகக் கலந்திருந்த ஜி.ரி.பி.யே உண்மையில் இன்றியமையாதது! அதனைப் பற்றி நிற்கும் ஜி-புரதத்தை அல்பிரட் கில்மனின் குழுவினர் 1980இல் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். றொட்பெல்லும் கில்மனும் 1994இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

'வாங்கி' என்ற சொல்லும் இப்பொழுது சற்று ஆட்டங்காண்கின்றது. ஓமோன் எதுவும் இல்லாதபோதும் சில வாங்கிகள் ஓரளவு தொழிற்பட்டுக்கொண்டிருக்கின்றன என்பது 1980களின் இறுதியில் தெளிவாயிற்று. எதனையும் வாங்காமலே கொடுக்கும் வாங்கி!

எனினும் தூதுருவகத்தின் தோல்வி முற்றாக வெளிப்படுவது வாந்திபேதியிலேதான். ஜி-புரதம் தன்னோடு இணைந்த ஜி.ரி.பி.யைத் தானே உடைத்துத் தொழிலை நிறுத்திக்கொள்ளும் இயல்பினது. 1976, 1977ஆம் ஆண்டுகளில் கசெல், செலிங்கர் ஆகியோர் இதனையும், வாந்திபேதி நச்சு இவ்வுடைப்பைத் தடுப்பதனையும் காட்டினர். நிறுத்தம் இல்லாதபோது குடற்சுவர்க் கலங்களில் வட்ட ஏ.எம்.பி. பெருகிக்கொண்டே போகின்றது, குளோரைட்டு அயன்கள் குடலுள் வெளியேற, நீரும் தொடர்கின்றது. நோயாளியின் உடல் வற்றிவிடுகின்றது. இங்கே 'பொய்ச் செய்தி' அனுப்பப்படுகின்றது என்பர் சிலர். பொய்யுரைத்தவர் யார்? தூதுவர் வரவில்லை, கட்டளை பிறக்கவில்லை. நிறுத்தும் பொறி பழுதாகியது, அவ்வளவே. இதனைச் செய்தியின் மொழியில் விளக்க முற்படும் மாணவர், நோயின் காரணத்தையே தவறவிடுவார்.

இந்நச்சின் தொழிற்பாட்டை முதலில் நிறுவியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. பற்றீரியாக்களை முற்றாக வடித்து நீக்கிய திரவத்தை முயலின் கட்டப்பட்ட சிறுகுடற் பகுதியினுட் செலுத்தி, அங்கே நீர் திரள்வதை 1959இல் அவர் காட்டினார். நஞ்சொன்று இருத்தல் வேண்டுமென றொபேட் கொக் 1884இலேயே ஊகித்திருந்தார். எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே அது நிறுவப்பட்டது. டே 1985இற் காலமானார். அவரது முயற் பரிசோதனை நுண்ணுயிரியல் நூல்களிற் பேசப்படுகின்றது. கலச் சமிக்ஞை பற்றிய அத்தியாயங்களிலோ பெரும்பாலும் நச்சின் பெயர் உண்டு, அவர் பெயர் இல்லை.