பட்டர்பிரானும் கோதையும் காட்டும் நம்பிக்கைக் காரணங்கள்

கடவுள் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் தத்தம் கொள்கைக்குக் காரணம் கூறுங்கால் இருவகையாகக் கூறுவர். ஒன்று அளவை வழிப்பட்டது. கேட்போர் எவர்க்கும் பொதுவாவது. மற்றொன்று கூறுவோன்தன் வாழ்வில் வேர்கொண்டது, அவனுக்கே உரியது. நோயும் மூப்பும், தந்தை வழிவந்த பழக்கமும், வேண்டியது கிடைத்தமையும் கிடையாமையும் இவ்விரண்டாம் வகையின்பாற்படும். முன்னதை உயர்ந்தது எனவும் பின்னதைத் தாழ்ந்தது எனவும் கருதுதல் கற்றோரிடை வழக்கமாயிற்று. இவ்வழக்கு இலக்கிய மதிப்பீட்டிற்கு எத்துணைப் பொருந்தும் என்பதைத் திருவில்லிபுத்தூரில் தோன்றிய இருவர் பாடல்களைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரியாழ்வார் அருளியவை திருப்பல்லாண்டு 12 உட்பட 473 பாசுரங்கள். ஆண்டாள் அருளியவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்கள். இவ்விருவரையும் பற்றிக் குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு வேறு. அவர்தம் பாடல்கள் தாமே கூறுவன வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பாடல்களுக்கு வரலாற்றையே உரையாக்குவது பெருவழக்காயிற்று. யாம் இரண்டையும் முதற்கண் பிரித்து நோக்கிப் பின்னர் ஒப்பிடுவோம்.

பொற்கிழி வரலாறு

பாண்டியன் வல்லபதேவன் பரம்பொருள் யாது என அறிய விரும்பிப் பொற்கிழி ஒன்றைத் தூக்கிக் கட்டுவித்தான். செல்வநம்பி என்பார் இதற்குத் துணை நின்றார். பல சமயத்தாரும் வந்து வாதிட்டனர். விட்டுசித்தர் மறைமொழிகளைக் காட்டித் திருமாலே பரம்பொருள் என நிலைநாட்ட, கிழி தானே தாழ்ந்து வளைந்தது. அவரை யானைமீது ஏற்றி மன்னன் நகர்வலம் செய்வித்தான். இஃது ஆறாயிரப்படி முதலிய நூல்கள் கூறும் செய்தியின் சுருக்கம்.

இதனை மேற்போக்காகக் கேட்போர், வில்லிபுத்தூரின் நம்பிக்கை அளவையால் நிறுவப்பட்டது என்றே கொள்வர். ஆயின் அவ்வரலாற்றின் உட்கூறுகளோ வேறொன்று கூறுகின்றன. மன்னன் இவ்வாராய்ச்சியில் இறங்கியது கல்வி வேட்கையால் அன்று. இரவில் நகரில் உலவுங்கால் அந்தணன் ஒருவன் கூறிய அறிவுரையைக் கேட்டான். மழைக்காலத்திற்கு வேண்டுவதை ஏனை மாதங்களிலும், இரவிற்கு வேண்டுவதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டுவதை இளமையிலும், மறுமைக்கு வேண்டுவதை இம்மையிலும் தேடிக்கொள்க என்பது அதன் கருத்து. தன் முதுமையும் இறப்பும் பற்றிய கலக்கமே அவனை வாதமன்றம் கூட்டச் செய்தது. இது முதலாவது.

இரண்டாவது, வாதிடச் செல்க என்று பெருமான் பணித்தபோது விட்டுசித்தர் தயங்கினார் என்பது. பூந்தோட்டத்தில் களை கொத்தித் தழும்பேறிய கையைக் காட்டியா கிழியை வெல்வது என அவர் வினவியதாகக் குருபரம்பரை கூறும். நாதமுனிகள் பெயரால் வழங்கும் தனியனும் அவர் ஆசிரியரிடம் ஓதாதவர் என்பதைச் சிறப்பாகக் குறிக்கின்றது.

மூன்றாவது, வென்ற பின் நிகழ்ந்தது. தாம் நிலைநாட்டிய பரம்பொருள் கருடன்மேல் தோன்றியபோது, அவனுக்குக் கண்ணேறு வந்துறுமோ என அஞ்சி அவர் பல்லாண்டு பாடினார் என்பர். யாவற்றினும் மேலானது என அளவையால் நிறுவிய ஒன்றிற்கு ஊறு நேருமென அஞ்சுதல் அளவைக்கு முரணாகும், அன்பிற்கு இயல்பாகும். ஆகவே வாத வரலாற்றின் தொடக்கத்தில் ஒருவனது அச்சமும், இடையில் ஒருவரது தழும்பும், இறுதியில் அவரது பரிவும் நிற்கின்றன. பொற்கிழி இவற்றினூடே தொங்குகின்றது.

தெலுங்குக் காவியம் தரும் சான்று

இவ்வரலாற்றை விரித்துப் பாடியது கிருட்டிணதேவராயரின் (ஆட்சி 1509-1529) ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியம். திருவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ளதும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டார் பலர் வாழ்வதுமான இராசபாளையத்தைச் சேர்ந்த மு. கு. சகந்நாதராசா இதனைத் தமிழாக்கினார். 1989-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. வில்லிபுத்தூரில் தோன்றிய கதை விசயநகரம் சென்று, பக்கத்து ஊரார் ஒருவர் வழியாகத் தமிழுக்கு மீண்டது எனலாம்.

இக்காவியத்தில் பாண்டியன் மச்சத்துவசன் எனப் பெயர் பெறுகின்றான். அவன் கணிகை இல்லத்துக்குச் செல்லும் இரவில்தான் மேற்கூறிய அறிவுரையைக் கேட்கின்றான். இம்மாற்றத்தால் மன்னனுடைய காரணம் மேலும் அவனுக்கே உரியதாகின்றது. விட்டுசித்தரின் வாதத்தையும் காவியம் விரிவாகவே நடத்துகின்றது. ஆயினும் நூல் செய்யத் தாம் முற்பட்ட காரணமாகப் புலவர் கூறுவது வாதம் அன்று. கலிங்கப் படையெடுப்பின்போது சீகாகுளத்தில் ஆந்திர விட்டுணு தம் கனவில் தோன்றி, அரங்கத்தில் தான் கோதையை மணந்த கதையைத் தெலுங்கில் பாடுக எனப் பணித்தான் என்கின்றார். பேரரசர் ஒருவர் தம் நூலுக்குத் தம் கனவையே அடிப்படையாகக் காட்டுதல் நினையத்தக்கது.

பெரியாழ்வார் தாமே கூறுவன

இனிப் பாடல்களை நோக்குவோம். செல்வநம்பியைத் திருப்பல்லாண்டு குறிக்கின்றது. நெடுமாறன் என்னும் பாண்டியனைத் திருமாலிருஞ்சோலைப் பதிகம் குறிக்கின்றது. ஆனால் வாதத்தையோ பொற்கிழியையோ வெளிப்படக் கூறும் இடம் ஆழ்வார் பாடல்களில் காணப்படவில்லை. கிழியறுத்த செய்தி தனியனில்தான் வருகின்றது.

ஆழ்வார் காட்டும் காரணங்கள் யாவை? தந்தைக்குத் தந்தை என ஏழு தலைமுறையாகத் தொண்டு செய்து வந்தமை ஒன்று. அடிமை என எழுதிக்கொடுத்த அன்றே தம் குடி உய்ந்தமை ஒன்று. நெய் பெய்த சோறும், வெற்றிலை பாக்கும், கழுத்தணியும் காதணியும், பூசும் சந்தனமும் தந்து உயிரையும் தூயதாக்கினான் என்பது மற்றொன்று. பெரியாழ்வார் திருமொழியில், நெய்க்குடத்தைப் பற்றி ஏறும் எறும்புகளைப்போலத் தம் உடலைச் சூழ்ந்த நோய்களை நோக்கி, இனி இங்கு இடமில்லை, அகலுக என்கின்றார். அரங்கத்தைப் பாடும் பதிகம் ஒன்றில், இறக்குங்கால் இளைப்பினால் நினைக்கவும் இயலாமற் போகும். ஆதலின் அன்றைக்கு வேண்டுவதை இன்றே சொல்லி வைக்கின்றேன் என்கின்றார்.

இவ்விறுதிக் கருத்தும், பாண்டியன் இரவிற் கேட்ட அறிவுரையும் ஒன்றே என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். பின்னைக்கு வேண்டுவதை முன்னே செய்துகொள்க என்பதே இரண்டின் சாரம். ஆழ்வார் தம் இறப்பைப் பற்றிப் பாடியதையே வரலாறு கூறியோர் மன்னன் உள்ளத்தில் வைத்தனரோ என ஐயுற இடமுண்டு. அங்ஙனமாயின் வாதத்திலிருந்து நம்பிக்கை பிறந்தது என்பதினும், ஆழ்வாரது நம்பிக்கையின் தனிக்காரணமே வாதக் கதைக்கு வித்தாயிற்று என்பது பொருந்தும்.

ஈண்டு ஒரு தடை எழும். சோறும் அணியும் சந்தனமும் கூறும் பாசுரம் ஆழ்வாரின் கூற்று அன்று, செல்வம் விரும்பி வந்தாரின் கூற்று என வைணவ உரைமரபு வகுக்கும். பயன் கருதாத அன்பரிடம் பயன் கருதிய சொல் எழலாகாது என்பது அவ்வகுப்பின் அடிப்படை. உரையாசிரியர்தம் நுண்மாண் நுழைபுலத்தை யாம் மறுப்பேமல்லேம். எனினும் பல்லாண்டு பாடும் கூட்டத்தில் செல்வம் வேண்டுவாரையும் ஆழ்வார் தம்மோடு சேர்த்துக்கொண்டார் என்பதை அவ்வுரையும் ஒப்புகின்றது. சோற்றைக் காரணமாகக் கூறுவோனும் அக்கூட்டத்திற்குப் புறம்பானவன் அல்லன். அவன் குரலுக்கு ஆழ்வார் தம் பாட்டிலேயே இடம் தந்தார். அதனை இழிவென ஒதுக்கினாரல்லர்.

கோதையின் வழக்கு

தந்தையின் காரணங்கள் பெற்றவற்றைச் சார்ந்தன. மகளின் காரணங்களோ பெறாதவற்றைச் சார்ந்தன. நாச்சியார் திருமொழி காமனை வழிபடுவதில் தொடங்குகின்றது. வேண்டியது கிடைக்குமாயின் வேறொரு தெய்வத்தையும் தொழலாம் என்னும் தவிப்பே அங்கு உள்ளது. திருமாலிருஞ்சோலைப் பதிகத்தில் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்கின்றாள். இது வெளிப்படையான நேர்த்திக்கடன். பிற்காலத்து இராமாநுசர் இக்கடனை அழகர் கோயிலில் செலுத்தி வில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாள் அவரை அண்ணன் என விளித்ததாகக் கூறுவர். ஒரு பெண்ணின் தனிவேண்டுதலைச் சமயம் முழுதும் தன் கடனாக ஏற்றுக்கொண்டமைக்கு இக்கதை சான்று.

எனினும் எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது அரங்கனை நோக்கிய பதினோராம் திருமொழியின் இறுதிப் பாசுரமே. அரங்கன் அருளிய மெய்யான பெருவார்த்தையை விட்டுசித்தர் கேட்டிருப்பர் என்கின்றாள் கோதை. தன்னை விரும்புவாரைத் தானும் விரும்புவன் என்னும் அச்சொல் அவனிடத்திலேயே பொய்யாகுமாயின் இனிச் சாதிப்பார் எவர் என வினவுகின்றாள். அப்பெருவார்த்தை கீதையில் கண்ணன் தந்த அடைக்கல மொழி என உரைமரபு கொள்ளும்.

இங்கு இரு சொற்கள் ஆராயத்தக்கன. முதலாவது 'கேட்டிருப்பர்' என்பது. இதனை ஒரு வினையாகக் கொள்ளின், முன்னரே கேட்டறிந்திருப்பார் என்பது பொருள். 'கேட்டு' எனவும் 'இருப்பர்' எனவும் இரு வினையாகப் பிரிப்பின், கேட்டு அதன்மேல் நம்பி அமைந்திருப்பார் என்பது பொருள். பின்னதே பாட்டின் போக்கிற்குச் சிறந்தது என்பது எம் கருத்து. சொல்லைக் கேட்டமையே தந்தைக்குப் போதுமானது. அவர் அமைதியாக இருக்கின்றார். மகளுக்குக் கேட்டமை மட்டும் போதவில்லை. வளை கழன்ற கையோடு அச்சொல்லின் பயனை எதிர்நோக்குகின்றாள்.

இரண்டாவது 'சாதித்தல்' என்பது. நிலைநாட்டுதல் எனப் பொருள்படும் இவ்வினை வாதமன்றத்திற்கு உரியது. மன்றத்தில் கடவுளைச் சாதித்தவர் எனப் புகழப்பெறுபவரின் மகள், இனிச் சாதிப்பார் எவர் எனக் கேட்கும் நயம் எண்ணத்தக்கது. பொற்கிழிக் கதை அவள் காலத்து வழங்கியதோ அன்றோ, அதனை யாம் இங்குத் துணைக்கொள்ள வேண்டுவதில்லை. அவள் கூறுவது இதுவே: சொன்னவனே சொல்லைக் காவாவிடின் எவ்வளவையாலும் அதனைக் காத்தல் இயலாது. வாதத்தில் தோற்ற கொள்கைக்கு வேறு வாதம் கிடைக்கும். வாழ்வில் பொய்த்த சொல்லுக்கு அங்ஙனம் மாற்றுக் கிடையாது. ஆதலின் தன்வாழ்வைக் காரணமாகக் காட்டும் நம்பிக்கை எளிதான நம்பிக்கை அன்று. பொய்த்துவிடும் இடர்ப்பாட்டைத் தானே ஏற்றுக்கொண்ட நம்பிக்கையாகும்.

இதனை ஆமுக்தமால்யதா வேறொரு வழியில் உணர்த்துகின்றது. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த பாணன் ஒருவனை அரக்கன் பிடித்துக்கொள்கின்றான். பெருமான் முன் பாடிவிட்டு மீள்வேன் எனச் சொல்லிச் சென்ற அவன், இரையாதற்குச் சொன்னபடியே மீள்கின்றான். இம்மாலதாசரி கதையைக் கோதையின் வரலாற்றோடு காவியம் இணைத்தது. ஒரு மனிதன் தன் உயிரை இழக்கத் துணிந்தும் காத்த சொல்லுறுதியையே கோதை கடவுளிடம் கேட்கின்றாள் எனின் அவ்விணைப்பின் பொருத்தம் விளங்கும்.

பழந்தமிழ் மரபில் இதன் இடம்

கடவுளை வழக்கிற்கு அழைத்தல் தமிழுக்குப் புதிதன்று. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்க வைத்த படைப்போனைப் பண்பற்றவன் எனப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் (194) பழித்தார். இரந்தே உயிர்வாழ வேண்டுமெனின் உலகைப் படைத்தவன் கெடுக எனத் திருவள்ளுவர் (1062) கூறினார். இவ்விருவரும் அளவை கூறினாரல்லர். கண்ட துயரையே காரணமாக்கினர். ஆனால் இருவரும் படைப்போனைப் படர்க்கையில் வைத்தே பழித்தனர். கோதையோ தன்னைச் சேரவேண்டியவன் ஒருவன்மேல் வழக்குரைக்கின்றாள். குறையிரந்தும் பயன்பெறாத தன் கொங்கையைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிந்து அழலைத் தீர்ப்பேன் என்னுமளவு அவ்வழக்கு பதின்மூன்றாம் திருமொழியில் முதிர்கின்றது. நன்கணியார் பழித்தபின் உலகின் இனியவற்றை நாடுக என அறிவுறுத்தி அகன்றார். கோதை அகலவில்லை. துயரைக் காரணமாகக் கொண்டு விலகுதலும், அதே துயரைக் காரணமாகக் கொண்டு விடாது பற்றுதலும் ஆகிய இரண்டும் தமிழில் உள. இரண்டிற்கும் வேர் ஒன்றே.

இதனால் பெறப்படுவது

1925-இல் தோன்றிய சுயமரியாதை இயக்கத்தின் பின்னர்த் தமிழ் வகுப்பறையில் இப்பாடல்களைக் கற்போர் இருதிறத்தினராயினர். நம்பிக்கை உடையார், கோதையின் சினத்தை நாயகி நிலை என ஒரு சொல்லால் அமைதிப்படுத்துவர். நம்பிக்கை இல்லார், காரணம் பொருந்தாது ஆதலின் பாட்டும் பொருந்தாது என ஒதுக்குவர். இருவரும் பாட்டில் உள்ள காரணத்தை அதற்குரிய எடையோடு நிறுத்தாரல்லர். நாயகி நிலை என்பது பொருத்தமான பெயரே. ஆயினும் பெயரிட்ட அளவில் வினா விடைபெற்றதாகாது. கடவுள் உண்டோ இல்லையோ என்பதை முடிவு செய்தல் இலக்கியத் திறனாய்வின் கடனும் அன்று. ஒருவர் எதனைக் காரணமாகக் காட்டினார், அக்காரணம் பொய்ப்பின் அவர் இழப்பது யாது என்பதைக் காணுதலே அதன் கடன்.

அங்ஙனம் காணுங்கால், பெரியாழ்வார்க்குக் காரணம் அவர் குடியும் உடலும் இறப்பும் ஆம். கோதைக்குக் காரணம் அவள் கேட்ட ஒரு சொல். வரலாறு புகழும் பொற்கிழி அவ்விருவர் பாடலிலும் இல்லை. கோதை சூடிக்கொடுத்த மாலை இன்றும் வில்லிபுத்தூரிலிருந்து ஆண்டுதோறும் திருவேங்கடத்திற்குச் செல்கின்றது. அவள் நேர்ந்த அக்காரவடிசில் கோயில்களில் படைக்கப்படுகின்றது. வாதத்தின் வெற்றியைக் காட்டிலும் ஒருத்தியின் வேண்டுதலையே மக்கள் இடையறாது போற்றி வந்துள்ளனர். ஆராய்ச்சியாளரும் தம் நோக்கை வாதமன்றத்தினின்று பாடல்களின்பால் திருப்புதல் தக்கது.