உணவியலாளர் பயிற்சி: மேற்பார்வை எங்கே?

காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்தது குரும்பகரம். அந்த ஊரில் ஒரு பெண் சத்துணவியலில் முதுகலை முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டம் மட்டும் அவளை டயட்டீஷியன் ஆக்கிவிடாது. 1963-இல் தொடங்கப்பட்ட இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வை எழுத வேண்டுமானால், மருத்துவமனை ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் அவளுக்கு என்ன தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பது காரைக்காலுக்கு ரொம்பவே முக்கியம். சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் நடத்தி 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு (26.4) அடுத்து நாட்டிலேயே மிக அதிகமான அளவு இதுதான். இங்கே நல்ல உணவியலாளரின் தேவை எவ்வளவு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பயிற்சியின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெரிய பலம். வகுப்பறையால் எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாத ஒன்று அதில் இருக்கிறது.

சிறுநீரக நோயாளியையே எடுத்துக்கொள்வோம். டயாலிசிஸ் தொடங்காதவரை அவர் புரதத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிராம். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிவிடும். சுத்திகரிப்பில் புரதச் சத்து வெளியேறுவதால் 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 36 கிராமாக இருந்தது 72 கிராம் வரை உயர்கிறது. இரண்டு எண்ணும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கலாம். ஆனால் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் வீட்டில் பழைய சீட்டையே கையில் வைத்துக்கொண்டு, "டாக்டர் முட்டை, மீன் கூடாதுன்னு சொன்னாங்களே" என்று அவரைப் பட்டினி போடும் குடும்பத்தைப் புத்தகம் காட்டாது. அந்த மனிதரின் கை மெலிந்துகொண்டே போவதையும் கணுக்கால் வீங்கியிருப்பதையும் ஒரே சமயத்தில் பார்த்து, வீக்கத்தால் ஏறிய எடையை உண்மையான எடையென்று நம்பி ஏமாறாமல் கணக்குப் போடக் கற்பது படுக்கையருகேதான்.

இளநீரும் அப்படித்தான். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் இளநீர் இல்லாமல் போவது நம் பக்கத்தில் அபூர்வம். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். இதைத் தெரிந்து வைத்திருப்பதைவிட, அன்போடு இளநீர் வாங்கி வந்த உறவினரிடம் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வதுதான் கடினம். காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று சமையல் செய்கிறவருக்குப் புரிய வைப்பதும் அதே ரகம். மூத்த டயட்டீஷியன் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டு, பிறகு அவர் கேட்டுக்கொண்டிருக்கத் தான் பேசிப் பார்த்தால்தான் இது வரும்.

குறையும் இங்கிருந்தே ஆரம்பிக்கிறது. அப்படிப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே! பல மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கான படுக்கைகளை இரண்டு மூன்று உணவியலாளர்கள்தான் கவனிக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் பெண்கள் அங்கே மாணவிகள் ஆவதற்குப் பதிலாகக் கூடுதல் கைகள் ஆகிவிடுகிறார்கள். உயரமும் எடையும் அளப்பது, படிவம் நிரப்புவது, தட்டில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, அச்சடித்த டயட் சார்ட்டை நோயாளியிடம் நீட்டுவது என்று நாள் ஓடிவிடும். மாதம் முடிந்ததும் பதிவேட்டில் இத்தனை கேஸ் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிடலாம். அந்தக் கேஸ்களில் அவள் எடுத்த முடிவு சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடமே கிடையாது.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மருத்துவமனைச் சமையற்கட்டில் நிற்பதை நான் குறைத்துப் பேசவில்லை. பயிற்சியில் தகுதியைவிட மிகக் குறைவாக மதிக்கப்படும் பகுதி அதுதான் என்பதே என் எண்ணம். உப்பில்லாச் சாப்பாடு என்று காகிதத்தில் எழுதியது தட்டில் எப்படி வருகிறது, குழாய் வழி கொடுக்கும் கஞ்சி ஏன் கட்டிதட்டுகிறது, அனுப்பிய சோற்றில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதையெல்லாம் அறியாதவர் எழுதும் உணவுத் திட்டத்துக்குப் பயனில்லை. என் எதிர்ப்பு, கேள்வி கேட்க ஆளில்லாமல் தட்டு எண்ணிக்கொண்டே வாரங்கள் கழிவதற்குத்தான்.

அடுத்தது பணம். பெரும்பாலான இடங்களில் உதவித்தொகை இல்லை. சில தனியார் மருத்துவமனைகள் பயிற்சிக்குக் கட்டணமே வாங்குகின்றன. காரைக்காலிலிருந்து புதுச்சேரி நகரம் 130 கிலோமீட்டருக்கு மேல். இடையில் இருப்பதெல்லாம் தமிழ்நாடு. சென்னை, வேலூர், கோவை என்று போனால் விடுதி வாடகையும் சேர்ந்துகொள்ளும். இதைத் தாங்க முடிகிற வீட்டுப் பெண்கள் பதிவு பெறுகிறார்கள். தாங்க முடியாதவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள், அல்லது திருமணம் ஆகிப் படிப்பைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். காவிரி டெல்டாச் சாப்பாட்டை நன்கு அறிந்த உணவியலாளர்களை டெல்டா இப்படித்தான் இழக்கிறது.

அறிந்தவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஓட்ஸ், ஆப்பிள், ஆலிவ் எண்ணெய் என்று அச்சடித்த சார்ட் வரும். மூன்று வேளையில் இரண்டு வேளை புழுங்கலரிசிச் சோறும் மீன் குழம்பும் தொட்டுக்கொள்ளக் கருவாடும் உண்ணும் வீட்டில் அதற்கு வேலையில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டையும் ஊறுகாயையும் விட்டுவிட்டு அதைப் பேசிப் பயனில்லை.

மறுபடியும் மேற்பார்வைக்கு வருவோம். அமெரிக்காவில் உணவியலாளர் ஆவதற்குக் குறைந்தது 1000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி கட்டாயம். 2024 ஜனவரி முதல் முதுகலைப் பட்டமும் கட்டாயமாகிவிட்டது. அங்கேயும் பெரும்பாலும் மாணவர்தான் பணம் கட்டுகிறார். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மணிக்கணக்கை அல்ல. பயிற்சி பெறுபவர் ஒவ்வொரு திறனையும் செய்துகாட்டி, அது மதிப்பிடப்பட்டுப் பதிவாக வேண்டும் என்ற விதியைத்தான். இந்தியாவிலும் 2021-இன் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் உணவியலைச் சட்டப்படியான தொழிலாக ஏற்றுக்கொண்டது. 2025-இல் சத்துணவியலுக்குத் திறன் அடிப்படையிலான பாடத்திட்டமும் வந்துவிட்டது. காகிதத்தில் வழி திறந்திருக்கிறது. ஆனால் மேற்பார்வையிடும் பணியிடங்களைப் பாடத்திட்டத்தால் உருவாக்க முடியாது. அரசுகள்தான் உருவாக்க வேண்டும்.

காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது. ஆறு மாதத்தில் நான்கை மருத்துவமனையிலும், இரண்டை நெடுங்காடு, குரும்பகரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கலாம். வார்டிலிருந்து வீடு திரும்பியவர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்று அவர் அடுப்பங்கரையிலேயே பார்க்க அந்த இரண்டு மாதம் உதவும். கோவையில் 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் அதை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸும் கிராமப் பணியைச் சத்துணவுக் கல்வியின் பகுதியாகவே நடத்தினார்கள். ஆகவே இது நமக்குப் புதிதும் அல்ல. புதுச்சேரி அரசு இதற்கு உதவித்தொகை ஒதுக்க வேண்டும்.

அதுவரை, பயிற்சிக்கு இடம் தேடும் மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனையின் பெயரையும் படுக்கை எண்ணிக்கையையும் மட்டும் பார்த்துச் சேராதீர்கள். "நான் எழுதும் உணவுத் திட்டத்தை யார் படித்துத் திருத்துவார், வாரத்துக்கு எத்தனை முறை?" என்று கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.