மண் வார்த்த கேரட்

வீட்டில் விளைந்த கேரட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால், வளர்த்தவரின் கைப்பக்குவம் முழுவதும் தெரிந்துவிடும். கத்தரியிலும் வெண்டையிலும் அப்படிச் சொல்ல முடியாது. வெண்டைச் செடி கண்ணுக்கு முன்னால் வளர்கிறது. இலையில் அசுவினி ஏறினால் வேப்பெண்ணெய் தெளிக்கலாம், காய் சிறுத்தால் மேலுரம் வைக்கலாம். பிழை தெரிந்ததும் திருத்த வழி இருக்கிறது. கேரட்டோ விதைத்ததிலிருந்து பிடுங்கும்வரை ஏறக்குறைய மூன்று மாதம் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. வெளியே தெரிவது தழை மட்டும். தழை தளதளவென்று நிற்க, கீழே சுண்டுவிரல் பருமனுக்கு ஏதோ இருப்பதும் உண்டு. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகு உருவின்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்த பிறகுதான் உரு தெரியும். கேரட்டுக்கும் மண்தான் அச்சு. வெளியே எடுத்தபின் உளி வைத்துச் சீர்செய்யும் வசதி மட்டும் இங்கே இல்லை.

வீட்டுத் தோட்டக் காய்களில் கேரட்டை நான் முதல் இடத்தில் வைப்பதற்கு இதுதான் காரணம். விதை விழுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டிய காய் இது.

நல்ல கேரட் மண்ணில் விரலை வைத்தால் அழுத்தாமலே முழு விரலும் இறங்கும். ஓர் அடி ஆழத்துக்குக் கல், ஓட்டாஞ்சில்லு, பழைய வேர்த்துண்டு எதுவும் தட்டுப்படாது. செம்மண்ணோடு மணலும் நன்றாக மக்கிய தொழுவுரமும் சேர்ந்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்ந்துவிடும். களிமண் பூமியில் இதை உண்டாக்குவது சிரமம். அங்கே மேட்டுப்பாத்தி கட்டிக்கொள்வதே மேல். கோத்தகிரிப் பக்கம் பாத்தி கொத்திக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேரட்டுக்கு என்ன உரம் வைப்பீர்கள் என்று கேட்டேன். “உரம் கிடக்கட்டும் தம்பி, மொதல்ல கல்லைப் பொறுக்கு” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரது பாத்தியோரம் கூழாங்கற்கள் குவிந்து கிடந்தன.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் முழுத் தாவரவியலும் இருக்கிறது. கேரட் விதை முளைத்ததும் இலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நூல் போன்ற ஆணிவேரை நேராகக் கீழே அனுப்புகிறது. மேலே இரண்டு சின்ன இலைகள் நிற்கும்போதே கீழே வேர் வெகுதூரம் போயிருக்கும். பின்னால் பருத்துக் காயாவது அந்த வேர்தான். ஆகவே காயின் நீளமும் நேர்த்தியும் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. அந்த நுனி கல்லில் இடித்தால் வேர் இரண்டாகக் கவடு விடும். மக்காத சாணம் பட்டாலும் கிளைக்கும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் நுனி ஒடிந்து மூன்று கால், நான்கு கால் என்று கோணிக்கொள்ளும். கேரட்டை நேரடியாக விதைக்க வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்துவது இதனால்தான்.

பிடுங்கிய காயைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். மேனியெங்கும் மயிர்வேர் மண்டியிருந்தால் தழைச்சத்து மிஞ்சிப் போயிருக்கிறது. சிறுசிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு புகுந்திருக்கிறது. அடுத்த போகத்தில் அந்த இடத்தில் கேரட் வேண்டாம், செண்டுமல்லி போடுவது நல்லது. நெடுக வெடித்திருந்தால் காயப்போட்டுவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். தோள்பட்டை பச்சையாக இருந்தால் மண் அணைக்க மறந்திருக்கிறார்கள். வெயில் பட்ட இடத்தில் பச்சையம் ஏறி, அந்தப் பகுதி கசக்கும். காய் மேலெழும்பித் தலை காட்டும்போதே களைக்கொத்தால் இரண்டு பக்கமும் மண்ணை ஏற்றிவிட்டால் போதும்.

நம் வீட்டுத் தோட்டத்தின் பெரும்பாலான காய்களுக்கு ஆடிப்பட்டம் பழக்கம். அவரை, பாகல், பீர்க்கு, பூசணி எல்லாம் ஆடியில் ஊன்றினால் மார்கழிக்குள் வீட்டை நிறைத்துவிடும். கேரட்டுக்கு அந்தப் பட்டம் ஆகாது. 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் அதன் நிறமும் இனிப்பும் நன்றாகக் கூடுகின்றன. பகலில் இலை வெயிலில் சமைத்த சர்க்கரை குளிர்ந்த இரவில் அதிகம் செலவாகாமல் வேரில் தங்குகிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் மூச்சு வாங்கியே அந்தச் சர்க்கரை கரையும். காய் வெளிறும், நெடி ஏறும். நீலகிரியும் கொடைக்கானலும் கேரட்டின் தாய்வீடு போல ஆனதற்கு இந்த இரவுகள்தான் காரணம்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரி வழியாக மலையேறினார். பிறகு ஊட்டியில் குடியேறி ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிரிடச் செய்தார். அவற்றை ‘இங்கிலீஷ் காய்’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் கேரட்டின் பூர்வீகம் இங்கிலாந்து அல்ல. ஆப்கானிஸ்தானை ஒட்டிய மத்திய ஆசியாவில் ஊதாவும் மஞ்சளுமாகத் தொடங்கிய காய் அது. ஆரஞ்சு நிறம் 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் நிலைபெற்றது. வட இந்தியக் குளிர்காலத்துச் சிவப்புக் கேரட் பழைய ஆசிய வழியில் வந்தது. டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையம் தந்த ‘பூசா ருதிரா’ அந்தக் குடும்பம். அல்வாவுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. பச்சையாகக் கடிக்க எனக்கு ஆரஞ்சுதான் வேண்டும்.

சமவெளிக்காரர்களுக்கு மார்கழிக் குளிர் ஒன்றே வாய்ப்பு. ஊட்டிக் கேரட்டின் ஆழ்ந்த நிறத்தையும் நீளத்தையும் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ எதிர்பார்ப்பது நியாயமில்லை. கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் குட்டையாக வரும். ஆனால் சூட்டை ஓரளவு தாங்கும் ‘குரோடா’ என்ற ஜப்பானிய வகையைத் தேர்ந்துகொண்டால், கூம்பு வடிவில் மிக நல்ல காய் கிடைக்கும். நான்ட் வகை உருளை போல நுனிவரை ஒரே பருமனாக இருக்கும், நடுத்தண்டு மெல்லியது, மிக மென்மையானது. அதை மலைக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். ஆழமில்லாத தொட்டியில் நீளக் கேரட் விதைப்பது வீண். தொட்டிதான் இருக்கிறது என்றால் பாரிஸ் வகை உருண்டைக் கேரட் போடலாம். நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, பார்க்கவே ஆசையாக இருக்கும்.

விதையைக் கையில் கொட்டிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஓமமும் சீரகமும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் கேரட்டின் சொந்தக்காரர்கள். ஒரு கிராமில் சுமார் 800 விதை இருக்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். உலர்ந்த மணலில் கலந்து, விரலால் கீறிய கோட்டில் தூவி, மேலே மெல்லியதாக மண் போர்த்தினால் போதும். அரை அங்குலத்துக்குமேல் ஆழம் போனால் முளை மேலே வரத் தவிக்கும். பூவாளியில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி வைக்க வேண்டும். மழை அடித்துக்கொண்டு போகாமலும் மேல்மண் இறுகாமலும் அந்தச் சாக்கு காக்கும்.

அதன்பிறகு காத்திருப்பு. எட்டு நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஒருநாள் மேல்மண் காய்ந்தாலும் முளைவிட்ட விதை செத்துப்போகும். கேரட் வரிசையிலேயே இடையிடையே முள்ளங்கி விதை ஊன்றுவது அனுபவசாலிகளின் வழி. முள்ளங்கி மூன்று நான்கு நாளில் தலைகாட்டி, வரிசை இங்கே இருக்கிறது என்று காட்டும். மேல்மண்ணைப் பிளந்து கேரட்டுக்கு வழியும் விடும். கேரட் பருக்கத் தொடங்கும்போது முள்ளங்கி சாம்பாருக்குப் போயிருக்கும். முதல் முளை கண்ணில் பட்ட அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். அப்போது வருபவை புல் போல நீண்ட இரண்டு விதையிலைகள். களை என்று பிடுங்கிவிடத் தோன்றும். அடுத்து வரும் இலையில்தான் கேரட்டின் பிளவுபட்ட இறகு வடிவம் தெரியும். நகத்தின் அளவுகூட இல்லாத அந்த மூன்றாவது இலையில், முழுவளர்ச்சி பெற்ற தழையின் வேலைப்பாட்டுச் சாயல் இருக்கும். குனிந்து பார்க்காதவர்களுக்கு அது கிடைக்காது.

பிறகு கலைத்துவிடும் வேலை. நெருங்கி முளைத்தவற்றை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக விட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். பல வீட்டுத் தோட்டங்களில் கேரட் பருக்காமல் போவதற்கு முதல் காரணம், முளைத்ததைப் பிடுங்க மனம் வராததுதான். மாலையில், மண் ஈரமாக இருக்கும்போது, இழுக்காமல் கத்தரியால் நறுக்கினால் பக்கத்து வேர் அசையாது. நறுக்கிய இளந்தழை துவையலுக்கு ஆகும். பீட்ரூட்டுக்கும் இதே கவனம் வேண்டும். நாம் ஒரு விதை என்று ஊன்றுவது உண்மையில் பல விதைகள் ஒட்டிய கொத்து; ஒரே குழியிலிருந்து இரண்டு மூன்று முளை வரும்.

கேரட் மண்ணுக்குள் இருக்கும் இந்த நாட்களில் பார்ப்பதற்குப் பந்தல் இருக்கிறது. புடலை முதலில் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும். பின்னால் வரும் பெண் பூவின் கழுத்தில் ஒரு குட்டிப் புடலங்காய் முதலிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்தபின் பூ விரியும். ஐந்து வெள்ளை இதழ். ஒவ்வொன்றின் ஓரத்திலும் நூல் பிரிந்த குஞ்சம் போல இழைகள் சுருண்டு இறங்கும். இரவுப் பூச்சிகளுக்காக விரியும் பூ அது. கையில் விளக்கோடு பந்தலடிக்குப் போனால் மட்டுமே அதன் முழு அழகையும் பார்க்கலாம். காய் வளைய ஆரம்பித்ததும் நுனியில் சணல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்கவிடுவார்கள். கீழே கேரட்டைக் கோணலாக்குவதும் கல், மேலே புடலையை நேராக்குவதும் கல். பந்தலடியின் ஓரத்தில் கொஞ்சம் கொத்தமல்லியைப் பூக்க விட்டால் தேனீயும், அசுவினியைத் தின்னும் புழுக்களை ஈனும் பூ ஈக்களும் தேடி வரும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் வேலை அந்த அளவுக்குக் குறையும்.

தொண்ணூறு நாள் ஆனதும் கேரட்டின் தோளை விரலால் தடவி மண்ணை விலக்கிப் பருமனைப் பார்க்க வேண்டும். முந்தின மாலை தண்ணீர் விட்டிருந்தால், தழையைக் கொத்தாகப் பிடித்து லேசாகத் திருகி மேலே தூக்கியதும் காய் நழுவி வரும். கூடவே வரும் அந்த மணத்தைக் கடைக் கேரட் தராது. அந்த மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடுபவை. தழையை உடனே நறுக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் காயிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் ஊட்டிக் கேரட்டை எந்திர உருளையில் போட்டு மேல்தோல் உரியும்வரை கழுவுகிறார்கள். கடைத்தெருவில் அந்தப் பளபளப்பு விலைபோகிறது. எனக்கு மண் ஒட்டிய கேரட்டே உயர்ந்தது. தோலுக்கடியில் உள்ள புறச்சதைதான் இனிப்பிலும் கரோட்டினிலும் நடுத்தண்டைவிடச் செறிந்தது. தோலைச் சீவாமல் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவினால் அது வீணாகாது.

குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுத்தண்டு சிறியதாகவும் சுற்றியுள்ள சதையின் நிறத்துக்கு மிக அருகிலும் இருந்தால் அது தேர்ந்த கேரட். தண்டு மஞ்சளாகத் தடித்துக் கட்டைபோல இருந்தால் பிடுங்க நாள் தள்ளிவிட்டது. கடித்தால் படீரென்று ஒடிய வேண்டும். முதலில் நீர், பிறகு இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் மெல்லிய காரம். இந்த மூன்றும் இதே வரிசையில் வந்தால் வேறு சோதனை வேண்டாம். முதல் கேரட்டைப் பச்சையாகத் தின்றுவிட வேண்டும். மீதியைக் கடுகு தாளித்துத் தேங்காய் சேர்த்துப் பொரியல் செய்யலாம். கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெயும் தேங்காயும் சேர்ந்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும். நம் சமையலறை அதை அறியாமலே சரியாகச் செய்து வந்திருக்கிறது. வாழைப்பழக் கூடையின் பக்கத்தில் மட்டும் கேரட்டை வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் பட்டால் கேரட் கசந்துபோகும்.

சமவெளியில் இருப்பவர்கள் ஐப்பசி மழை சற்று ஓய்ந்து கார்த்திகை பிறக்கும்போது தொடங்கலாம். ஓர் அடிக்குக் குறையாத உயரமுள்ள ஒரு பை, சலித்த மண், மக்கிய தொழுவுரம், ஒரு சின்னப் பொட்டலம் குரோடா விதை, இவ்வளவு போதும். பொட்டலத்தின் மேல் அடைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். கேரட் விதை பழசாக ஆக முளைப்புத் திறன் இறங்கிக்கொண்டே போகும். இப்படி விதைத்தது மாசி பிறப்பதை ஒட்டிப் பிடுங்கத் தயாராகிவிடும்.